நெடுந்தீவுக் குதிரைகளின் தாகம்

(வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தீவுப்பகுதி ஆட்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்துத் தீவான நெடுந்தீவுக்கு உங்களுக்கு வழி சொல்லத் தேவையில்லை. குறிகட்டுவான் துறையில் படகேறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். சோளகக் காற்று எழும்பினால் அதுவே பெரும்பாடு. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வந்த நம்மவர்களை வெட்டிக் கொன்றதும் இந்தக் கடலில்தான். அதைச் சொல்லாமல் தீவின் வரலாற்றைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

பெருக்கமரம், புறாக்கூடு, வெடியரசன் கோட்டை என்று தீவில் ஆட்கள் பார்க்கப் போகும் இடங்கள் எல்லாம் நீங்கள் அறிந்தவை. நான் பேச வந்தது தண்ணீரைப் பற்றி.

சுமார் 50 சதுர கிலோமீற்றர் நிலம். மலையும் இல்லை, ஆறும் இல்லை. அடியில் சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும்தான். மாரி மழை அந்தக் கல்லின் துளைகளுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, அதனால்தான். பக்குவமாக அள்ளினால் நல்ல தண்ணீர். மோட்டர் போட்டு இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். நம் முன்னோர் மணலில் பூவல் என்ற ஆழமில்லாத சிறு கிணறு தோண்டி, ஊற ஊற அள்ளினார்கள். எவ்வளவு நுணுக்கமான அறிவு பாருங்கள்!

சரி, மனிதருக்குப் பூவல். குதிரைக்கு?

போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கி, ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி பராமரித்த குதிரைகளின் வழிவந்தவை இன்று கட்டாக்காலியாக வெளியில் மேய்கின்றன. மழை முடிந்த கையோடு போனால் குட்டிகளோடு கூட்டமாக நிற்கும். ஆடி, ஆவணியில் போய்ப் பாருங்கள்: குளங்கள் வெடித்துக் கிடக்கும். விலா எலும்பு தெரிய, காய்ந்த சேற்றை முகர்ந்தபடி நிற்கும். தாகத்தில் செத்தவையும் உண்டு. பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிய வருடங்களும் உண்டு.

2015இல் 1,800 ஹெக்டயருக்கு மேற்பட்ட பகுதி தேசிய பூங்காவானது. நல்ல விடயம். ஆனால் பலகை நட்டால் குளம் நிரம்புமா? மாரிக்கு முன்பே தூர் வார வேண்டும். உதவி செய்ய நினைக்கும் கொழும்பு வாழ் உறவுகள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: இயந்திரம் விட்டு ஆழமாகக் கிண்டக் கூடாது. அடியிலுள்ள களிப்படை உடைந்தால், தேங்கிய மழைநீர் கல்லுக்குள் இறங்கி, குளம் பங்குனிக்கே வற்றிவிடும்.