பில் இல்லாத பாக்கி

(ஒரு சிறிய கூட்டத்தில் பேசியது. பேச்சை அப்படியே எழுதினால் பாதி புரியாது, அதனால் கொஞ்சம் கோர்த்து, மறந்துபோனதைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

தெருமுனை மளிகைக் கடையில் பாக்கி வைத்தால் கடைக்காரர் ஒரு நோட்டில் எழுதி வைப்பார், இல்லையா? மாசம் பிறந்ததும் நோட்டைப் பிரித்து எண்ணெய் இவ்வளவு, பருப்பு இவ்வளவு, போன மாசத்து மீதி இவ்வளவு என்று காட்டுவார். சண்டை வரும், ஆனால் சண்டை போட ஒரு கணக்காவது இருக்கும். நோட்டே வைக்காத ஒரு கடைக்காரர், "உன் பேர்ல பாக்கி இருக்கு, எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது, நீயே கண்டுபிடிச்சுக் கட்டு, அதுவரைக்கும் உன் ஓட்டு என்கிட்ட இருக்கட்டும்" என்று சொன்னால் எப்படியிருக்கும்? அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் லட்சக்கணக்கான பேரிடம் ஏறக்குறைய இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போகலாம். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைகளாக இருந்தவர்கள் ஓட்டுப் போடலாம் என்றான காலத்தில், 1868-ல் எழுதிய ஃபுளோரிடா அரசியல் சட்டம், ஃபெலனி (கடுங்குற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் திருட்டு, போதைப்பொருள் வைத்திருப்பது என்று அந்த வலையில் நிறைய விழும்) செய்தவருக்கு வாழ்நாள் முழுக்க ஓட்டு இல்லை என்றது. அந்தத் தடை 150 ஆண்டுகள் ஓடியது. 2016 வாக்கில் அந்த மாநிலத்தில் வயதுவந்த கறுப்பின மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஓட்டு இல்லை. வேண்டுமானால் கவர்னரும் அமைச்சர்களும் ஆண்டுக்கு நான்கு முறை உட்காரும் கருணை வாரியத்தின் முன்னால் போய் நின்று கேட்கலாம். ரிக் ஸ்காட் கவர்னராக இருந்தபோது அந்தக் கூட்டம் ஒன்றில் அவரே சொன்னார், இதற்கு அளவுகோல் எதுவும் கிடையாது, நாங்கள் நினைத்ததைச் செய்யலாம் என்று. ஒளிவுமறைவில்லாத மனுஷன், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

2018 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு அதை மாற்றினார்கள். நான்காவது திருத்தம் என்று அதற்குப் பெயர். நிறைவேற 60 சதவீதம் தேவை, கிடைத்தது ஏறக்குறைய 65. கொலையும் பாலியல் கடுங்குற்றமும் தவிர, மற்றவர்களுக்குத் தண்டனையின் எல்லா விதிகளும் முடிந்ததும் ஓட்டுரிமை தானாகத் திரும்பும் என்றது திருத்தம். 14 லட்சம் பேர் வரை பயனடைவார்கள் என்று அப்போது கணக்குப் போட்டார்கள். 2000-ல் ஜார்ஜ் புஷ் இதே மாநிலத்தில் வென்றது 537 ஓட்டில் என்பதை நினைவு வைத்துக்கொண்டால், 14 லட்சம் என்ற எண் ஏன் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுத்திருக்கும் என்று புரியும்.

எல்லா விதிகளும் என்றார்களே, அதில் சிறையும் நன்னடத்தைக் காலமும் மட்டும்தானா, இல்லை பணமும் சேர்த்தியா? 2019 ஜூன் 28 அன்று கவர்னர் ரான் டிசாண்டிஸ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். தீர்ப்பில் விதித்த அபராதம், நீதிமன்றச் செலவு, கட்டணம், பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு, எல்லாவற்றையும் கட்டி முடித்தால்தான் ஓட்டு. இங்கே நம் பக்கத்துக்குச் சங்கடமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திருத்தத்தைக் கொண்டுவந்தவர்களின் வழக்கறிஞரே 2017-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில், பணமும் அதில் அடங்கும் என்கிற மாதிரி பதில் சொல்லியிருந்தார். அதனால் அரசு இல்லாததை இட்டுக்கட்டியது என்று சொல்ல முடியாது. 2020 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றமும் பணம் உண்டு என்றே கருத்துச் சொன்னது. என் கோபம் அங்கே இல்லை, கணக்கில் இருக்கிறது.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஃபுளோரிடாவில் நீதிமன்ற கிளார்க் அலுவலகங்கள் (வழக்குப் பதிவுகளை வைத்திருந்து பணம் வசூலிக்கும் இடங்கள்) பெருமளவு அங்கே வந்து போகிறவர்களிடம் வசூலிக்கும் கட்டணத்தில்தான் ஓடுகின்றன. ஃபெலனி என்று தீர்ப்பானால் கூடுதல் நீதிமன்றச் செலவு 225 டாலர். வக்கீல் வைக்க வசதியில்லை, அரசு வக்கீல் வேண்டும் என்று மனுப் போட 50 டாலர், பிறகு அந்த வக்கீலுக்காகக் குறைந்தது 100 டாலர். ஏழை என்று நிரூபிக்கவே காசு கேட்கிற ஏற்பாடு இது. தவணையில் கட்டுகிறேன் என்றால் அதற்கும் ஒரு கட்டணம். 90 நாளில் கட்டாவிட்டால் வசூல் கம்பெனியிடம் போகும், அவர்கள் 40 சதவீதம் வரை மேலே போட்டு வாங்கலாம். ஓட்டுநர் உரிமத்தையும் நிறுத்தி வைப்பார்கள், அப்புறம் வேலைக்கு எப்படிப் போவது, பாக்கியை எப்படிக் கட்டுவது என்று கேட்கக் கூடாது. போதைப்பொருள் கடத்தல் வழக்கு என்றால் கதையே வேறு, 28 கிராம் கொக்கெய்னுக்கு 50,000 டாலர் கட்டாய அபராதம். சில நீதிபதிகள் இவனிடம் எங்கே பணம் என்று தெரிந்து, கட்டணங்களைச் சிவில் கடனாக, அதாவது குற்ற வழக்கோடு ஒட்டாத சாதாரணக் கடனாக, மாற்றிவிடுவார்கள். புதிய சட்டம் அப்படி மாற்றினாலும் கடன் தீர்ந்ததாகாது என்றது. இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தவர்களில் ஒருவர் மேல் இருந்த இழப்பீடு 5 கோடியே 90 லட்சம் டாலர்! அவர் எந்த ஜென்மத்தில் ஓட்டுப் போடுவார்?

வழக்கு மாநிலத் தலைநகர் டாலஹாஸியில் மத்திய நீதிமன்ற நீதிபதி ராபர்ட் ஹிங்கிள் முன்னால் வந்தது, 2020-ல் கொரோனா சமயத்தில் வீடியோவில் எட்டு நாள் விசாரணை. குறைந்தது 7 லட்சத்து 74 ஆயிரம் பேர் பணப் பாக்கியால் தடுக்கப்பட்டிருக்கிறார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோரால் கட்டவே முடியாது என்பது அங்கே வெளிவந்தது. ஆனால் எனக்கு மறக்காத எண் வேறு. 153 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஒரு பேராசிரியை, கூடவே முனைவர் பட்ட மாணவர்களை வைத்துக்கொண்டு, இவர்கள் எவ்வளவு கட்ட வேண்டும் என்று தேடினார். தீர்ப்புத் தாளில் ஒரு தொகை, கிளார்க்கின் கணினியில் ஒரு தொகை, இன்னொரு பதிவில் வேறொரு தொகை. முரண்பாடே இல்லாமல் கணக்கு ஒத்துப்போனது மூன்றே மூன்று பேருக்கு. படித்தவர்கள் குழுவாக உட்கார்ந்து தேடியே இந்த லட்சணம் என்றால், இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் முப்பது வருடத்துக்கு முந்தைய வழக்கின் தாளை எந்த மாவட்ட நீதிமன்றத்தில் போய்த் தேடுவார்?

சரி, அரசாவது தேடியதா? பதிவு செய்துகொண்ட 85,000 பேரின் பெயர்களைச் சரிபார்க்க வேண்டியிருந்தது, பணப் பாக்கிக்காக ஒருவர் பெயரைக்கூடப் பார்த்து முடித்திருக்கவில்லை. அந்த வேகத்தில் போனால் 2026 வரை இழுக்கும் என்று நீதிபதி கணக்குப் போட்டார். விசாரணைக்குச் சற்று முன்னால் அரசு தன் கணக்கு முறையையே மாற்றியது, கட்டிய ஒவ்வொரு டாலரும், அது வசூல் கம்பெனி பிடித்துக்கொண்ட பங்காக இருந்தாலும், மூலத் தொகையில் கழியும் என்று. கேட்க நல்லதாக இருக்கிறது, ஆனால் யார் எப்போது எவ்வளவு கட்டினார்கள் என்ற பழைய ரசீதெல்லாம் இருந்தால்தானே கழிப்பதற்கு.

காசு கொடுத்தால் ஓட்டு என்கிற முறை இது என்று ஹிங்கிள் 2020 மே 24 அன்று தீர்ப்பளித்தார். உண்மையிலேயே கட்ட முடியாதவர்கள் ஓட்டுப் போடலாம், எவ்வளவு பாக்கி என்று கேட்டவருக்கு அரசு 21 நாளில் பதில் சொல்லாவிட்டால் அவரும் போடலாம் என்றார். பில்லைக் காட்டு, இல்லையென்றால் வழியை விடு, அவ்வளவுதான். இதைவிட நியாயமான தீர்வு எனக்குத் தோன்றவில்லை.

அது நிற்கவில்லை. ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்தி வைத்தது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. ஏழைகள் என்ற ஒரே காரணத்துக்காக ஆயிரக்கணக்கானோர் ஓட்டுப் போட முடியாமல் போகிறார்கள் என்று அந்த உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி சோட்டோமேயர் மறுப்புத் தீர்ப்பு எழுதினார். செப்டம்பர் 11 அன்று அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் (11-வது சர்க்யூட் என்பார்கள்) முழு அமர்வு 6-க்கு 4 என்று ஹிங்கிளின் தீர்ப்பைத் தள்ளியது. 1964-ன் 24-வது அரசியல் சட்டத் திருத்தம் மத்திய அரசுத் தேர்தல்களில் வாக்கு வரியையும் (ஓட்டுப் போடுவதற்கென்றே கட்ட வேண்டிய வரி) வேறெந்த வரியையும் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது என்கிறது. 1966-ல் உச்ச நீதிமன்றம் வர்ஜீனியாவின் ஒன்றரை டாலர் வாக்கு வரியையே செல்லாது என்றது. ஆனால் இது வரி இல்லை, தண்டனையின் பகுதி என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். கிளார்க் அலுவலகத்தின் செலவுக்கு வாங்கும் பணம் எப்படித் தண்டனை ஆகும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதைவிட, ஒருவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கண்டுபிடித்துக் கொடுப்பது அரசின் கடமையில்லை என்றும் சொன்னார்கள். நோட்டு வைக்காத கடைக்காரருக்கு நீதிமன்றமே சான்றிதழ் கொடுத்த மாதிரி.

நன்கொடை திரட்டிக் கட்டிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். திரட்டினார்கள். டெஸ்மண்ட் மீட் என்பவர், அவரே சிறை சென்று வந்து சட்டம் படித்தவர், அவருடைய அமைப்பு மற்றவர்களின் பாக்கியைக் கட்ட நிதி சேர்த்தது, கோடீஸ்வரர் மைக்கேல் ப்ளூம்பெர்க் 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார். உடனே மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) இதை விசாரியுங்கள் என்று எஃப்பிஐக்குக் கடிதம் எழுதினார். பணத்தைக் கட்டு என்றார்கள், கட்ட ஒருவர் வந்ததும் ஏன் கட்டுகிறாய் என்றார்கள்.

இதற்கு மேல் பயம். பதிவுப் படிவத்தில் தகுதி உண்டு என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும், தெரிந்தே பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறை. தெரிந்தே என்றுதானே சட்டம் சொல்கிறது என்பீர்கள். 2022 ஆகஸ்ட்டில் சட்டவிரோதமாக ஓட்டுப் போட்டதாக 20 பேரைக் கைது செய்ததை கவர்னர் மேடை போட்டு அறிவித்தார். அவர்கள் கொலை, பாலியல் குற்ற வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள், திருத்தத்துக்குள் வராதவர்கள், அது உண்மை. ஆனால் பலர் தங்கள் கைக்கு வாக்காளர் அட்டை வந்ததால் ஓட்டு உண்டு என்று நம்பிப் போனதாகச் சொன்னார்கள். அந்தச் செய்தியை டிவியில் பார்த்த, நூறு டாலர் பாக்கி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒருவர், அதற்கப்புறம் வாக்குச்சாவடிப் பக்கம் போவாரா? அரசு அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தது. 2023-ல் வந்த சட்டப்படி, வாக்காளர் அட்டையிலேயே இப்போது அச்சடித்து வருகிறது, இந்த அட்டை நீங்கள் ஓட்டுப் போடத் தகுதியானவர் என்பதற்கு ஆதாரம் அல்ல என்று.