மெதுவாக ஓட வேண்டிய நாட்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்காகப் பலர் ஆகஸ்டிலேயே பயிற்சியைத் தொடங்கிவிடுகிறார்கள். விடிவதற்கு முன் மெரினா பக்கம் போனால் அவர்களைப் பார்க்கலாம். அப்படி ஓடுகிறவர்களுக்குப் பயிற்சி தருபவன் நான். மெதுவாக ஓட வேண்டிய நாளில்கூட நம்மவர்கள் வேகமாகவே ஓடுகிறார்கள். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கென்யாவின் எலியுட் கிப்சோகே 2022-இல் பெர்லின் மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் முடித்தார். கிலோமீட்டருக்கு 3 நிமிடம்கூட ஆகவில்லை. அதே மனிதர் காப்டகாட் முகாமில், இலகு ஓட்ட நாட்களில், அதைவிட எவ்வளவோ மெதுவாகத்தான் ஓடுவார். உலகத் தர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அதில் ஏறக்குறைய 80 சதவீதம் இலகுவானது என்று கண்டார். இங்கே வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறவர் நான்கு நாளும் மூச்சு வாங்க ஓடுகிறார். களைத்து விழுந்தால்தான் பயிற்சி என்று யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். எனக்கு அதில்தான் வருத்தம்.

மெதுவாகத்தான் ஓடுகிறோமா என்பதை மூச்சே சொல்லிவிடும். ஓடிக்கொண்டே உங்கள் வீட்டு முகவரியைப் பக்கத்தில் வருபவரிடம் சொல்லிப் பாருங்கள். கதவு எண்ணும் தெருவும் ஒரு மூச்சில், ஊரும் பின்கோடும் அடுத்த மூச்சில் வந்தால் சரி. “பதினாலு... பிள்ளையார்... கோயில்... தெரு...” என்று சொல்லுக்குச் சொல் அறுந்தால் வேகம் மிஞ்சிவிட்டது. வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் தசையில் அமிலத்தன்மை ஏறுகிறது. உடல் அதைச் சமன்செய்யும்போது கரியமில வாயு கூடுகிறது. அதை வெளியேற்றத்தான் இப்படி மூச்சு வாங்குகிறது. ஆகவே வலிந்து காற்றை உள்ளே இழுத்துப் பயனில்லை, வேகத்தைத்தான் குறைக்க வேண்டும்.

சென்னைப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடல் சூடும் இறங்காது. தோலுக்கும் சேர்த்து ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் கூடுதலாகத் துடிக்கும். போன வாரம் சுலபமாக இருந்த வேகம் இன்று திணறவைக்கும். பயிற்சி அட்டவணைக்கு இதெல்லாம் தெரியாது. அன்றைக்கு மூச்சு சொல்வதைக் கேளுங்கள்.

அப்புறம் ஓய்வு. நீண்ட ஓட்டத்தில் தீர்ந்துபோகும் கிளைகோஜன், அதாவது தசையில் சேமித்துவைத்த சர்க்கரை, சோறும் இட்லியுமாக நன்றாகச் சாப்பிட்டால்கூட, நிரம்ப ஒரு நாளாவது ஆகும். தசையின் பழுது சரியாக இன்னும் நாளாகும். ஞாயிறு காலை 25 கிலோமீட்டர் ஓடிவிட்டு, இரவு பதினொன்றரைக்குப் படுத்து, திங்கள் நாலரைக்கு எழுந்து வேக ஓட்டத்துக்குப் போகிறவர்களை என்ன சொல்வது? அன்றைக்குத் தூங்குவதுதான் பயிற்சி.

காலையில் கண் விழித்ததும், எழுந்திருப்பதற்கு முன், மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்துவாருங்கள். ஒரு வாரத்தில் உங்கள் வழக்கமான எண் பிடிபடும். அதைவிட ஏழெட்டு கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்து, காலும் கனத்தால், வேக ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள், நடந்தால் போதும். காய்ச்சல் இருந்தால் அதுவும் வேண்டாம். ஓடும்போது நெஞ்சு வலித்தால் அங்கேயே நின்று, உடனே மருத்துவ உதவி தேடுங்கள். வணக்கம்.