மஞ்சள் இலையா, பச்சை இலையா? பினாங்கு அலையாத்திக் காட்டில் ஒரு மீட்புச் செய்தி

வணக்கம், சகோதர சகோதரிகளே. பாலிக் புலாவ் பக்கம், சுங்கை பினாங் கழிமுகத்தில் நிற்கிறேன். கடல்நீர் வற்றியிருக்கும் நேரம். சேறு முழங்கால் வரை இருக்கிறது. கொசு ஆளையே தூக்கிவிடும் போலிருப்பதால் நீட்டி முழக்க மாட்டேன்.

அலையாத்தி மரத்தைப் பற்றி நம் சபைகளில் ஒரு பிரசங்கக் கதை உலவுகிறது. கேட்டிருப்பீர்கள். மரம் உறிஞ்சும் உப்பையெல்லாம் ஒரே ஓர் இலை தன்மேல் வாங்கிக்கொள்ளுமாம். அது மஞ்சளாகி உதிரும். மற்ற இலைகள் பிழைக்கும். அந்த இலைதான் இயேசு என்பார்கள். கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கிவிடும்.

ஆனால் இலைகளில் உள்ள உப்பை அளந்து பார்த்தவர்களுக்கு அப்படியொரு தியாக இலை அகப்படவில்லை. மஞ்சள் இலை மூப்பினால் உதிர்கிறது, அவ்வளவுதான். எனக்கு இதில் வருத்தமே இல்லை. உதிர்ந்து சேற்றில் மட்கிப் போகும் இலை, லேவியராகமம் 16இல் பாவத்தைச் சுமந்துகொண்டு வனாந்தரத்துக்குப் போன போக்காட்டைத்தான் நினைவூட்டுகிறது. ஆண்டுதோறும் இன்னோர் ஆடு தேவைப்பட்டது. மூன்றாம் நாள் உயிர்த்தெழுதல் அதில் எங்கே இருக்கிறது?

இப்போது இந்த மரத்தைப் பாருங்கள். தமிழில் வெண்கண்டல், மலாய்க்காரர்கள் அப்பி அப்பி என்பார்கள். சேற்றிலிருந்து விரல்கள் போல நிமிர்ந்து நிற்பவை இதன் மூச்சுவேர்கள். பக்கத்தில் கால் பரப்பி நிற்கும் பாக்காவ் மரம், உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். வெண்கண்டலும் வேரில் தடுக்கத்தான் செய்கிறது. ஆனாலும் மீறி நுழையும் உப்பை உள்ளே வாங்கி, இலையிலுள்ள நுண்ணிய சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. கேமராவை நெருக்கமாகக் கொண்டுபோகிறேன். தெரிகிறதா? இலைமேல் மினுங்கும் துகள்கள் எல்லாம் உப்புப் படிகங்கள். நாக்கில் வைத்தேன்; கரிக்கிறது.

இலையோ பச்சையாக, உயிரோடு இருக்கிறது. என் மனம் நிற்பது இங்கேதான். பாவம் அறியாத அவரை நமக்காகப் பாவமாக்கினார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். நம் கர்த்தர் பாவிகளைத் தெருவோடு நிறுத்திவிடவில்லை. அவர்கள் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தார், அவர்கள் பாரத்தைத் தம் உடலில் ஏற்றார். அந்தப் பாரம் அவரைக் கல்லறையிலேயே வைத்துவிடவும் இல்லை. உவமை ஓரிடத்தில் நொண்டும், ஒப்புக்கொள்கிறேன்: இலை தினமும் உப்பைத் தள்ள வேண்டும், சிலுவையோ ஒரே தரம். இருந்தாலும் இல்லாத இலையைக் காட்டி அழவைப்பதைவிட, இருக்கிற இலையைக் காட்டலாம்; படைத்தவருக்கு நம் கற்பனை உதவி தேவையில்லை.

இந்த ஞாயிறு பிரசங்கிக்கிற போதகர் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு பச்சை இலையைச் சபைக்கு எடுத்துப் போங்கள். மழை பெய்த மறுநாள் மட்டும் பறிக்க வராதீர்கள், உப்பு கழுவிப் போயிருக்கும்.