புகையும் புழுதியும்: மேலிருந்து ஒரு பார்வை
(தர்மபுரியில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மாசி, பங்குனி வந்தால் பென்னாகரம், அஞ்செட்டி, சித்தேரி மலைப்பக்கத்து மக்களுக்குக் காட்டுப் புகை புதிதில்லை. அதை மேலே செயற்கைக்கோளிலிருந்து பார்த்தால் என்ன தெரியும், என்ன தெரியாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கைப்பேசியில் தீ வரைபடத்தைத் திறந்து, சிவப்புப் புள்ளியைப் பார்த்ததும் ‘காடு எரிகிறது’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறோம். அந்தப் புள்ளி புகையைப் பார்த்து வைத்ததில்லை, சூட்டைப் பார்த்து வைத்தது. எரிகிற பொருள் 4 மைக்ரான் அலைநீளத்தில் பலமாக ஒளிரும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அக்கம்பக்கத்தைவிடப் படத்தின் ஒரு கட்டம் அப்படிப் பளிச்சென்று இருந்தால் கணினி புள்ளி வைக்கும். பாலக்கோட்டுப் பக்கம் கரும்புச் சோகையைக் கொளுத்தினாலும் அதே புள்ளிதான். செயற்கைக்கோளில் இருக்கும் விஐஐஆர்எஸ் என்ற கருவிக்கு ஒரு கட்டம் 375 மீட்டர். அதற்குள் எந்த மூலை எரிகிறது என்பதைப் போய்த்தான் பார்க்க வேண்டும். அது நம் தலைக்கு மேல் வருவது மதியம் ஒன்றரை மணி வாக்கில், அப்புறம் நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்கு. மாலை நாலு மணிக்குப் பிடித்து இருட்டுவதற்குள் அணைந்த தீ, அதன் கணக்கில் வராமலே போகலாம். டேராடூனில் இருக்கும் இந்திய வன அளவை நிறுவனம் வனத்துறைக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கும் இப்படிப்பட்ட புள்ளிகள்தான் அடிப்படை.

சரி, புகைக்கு வருவோம். ஒற்றைப் படத்தை வைத்துப் புகை என்று சத்தியம் செய்யாதீர்கள். மெல்லிய மேகமும் அப்படித்தான் இருக்கும். 2016-இல் இஸ்ரோ ஏவிய இன்சாட்-3டிஆர் செயற்கைக்கோள், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் நின்று, அரைமணிக்கு ஒருமுறை படம் தருகிறது. ஒரு நாள் படங்களை வரிசையாக ஓட்டுங்கள். மேலகிரி மலைகளின் மேல் திரளும் மேகம் அங்கேயே பெருத்து, அங்கேயே கலையும். புகைக்கு வேர் ஓரிடத்தில் ஊன்றியிருக்கும். வால் மட்டும் காற்றுப் போகும் பக்கம் அகன்றுகொண்டே போகும். காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயிலில் அந்த வால் எடுப்பாகத் தெரியும். உச்சிவெயிலில் மங்கிவிடும். அதற்காகப் புகை கலைந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.

புழுதியை இதிலிருந்து பிரிப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. புகைத்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நீல ஒளியில் எடுத்த படத்தில் பளிச்சென்று தெரிகிற புகை, 2 மைக்ரான் அகச்சிவப்பில் ஏறக்குறைய காணாமல் போகும். அடியில் இருக்கும் நிலம் தெரியும். புழுதி பருமனானது, அதிலும் மறைக்கும். இரவிலும் ஒரு வழி உண்டு. 11 மைக்ரானிலும் 12 மைக்ரானிலும் வெப்பநிலையை அளந்து பார்த்தால், புழுதிக்கு 11-இல் குளிர்ச்சியாகக் காட்டும். மெல்லிய பனிக்கட்டி மேகத்துக்கு நேர் எதிர். இந்த வித்தியாசத்துக்கு நிறம் கொடுத்த படங்களில் புழுதி இளஞ்சிவப்பாக ஓடும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அரேபியப் பாலைவனப் புழுதி அரபிக்கடலைத் தாண்டுவதை இப்படித் தொடர்கிறார்கள். 2020 ஜூனில் சகாராப் புழுதி அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் தீவுகளை மூடியதையும் நாள்தோறும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு பெரிய குறை, உயரம். சாதாரணப் படம் மேலிருந்து கீழ்வரை உள்ள மொத்தத்தையும் ஒரே தளமாகக் காட்டும். மூன்று கிலோமீட்டர் உயரத்தில் போகிற புகையால் உங்கள் மூச்சுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். விடியற்காலையில் பள்ளத்தாக்கில் தேங்குகிற மெல்லிய புகை இருமலைக் கொடுக்கும். லேசர் பாய்ச்சி உயரத்தை அளந்த காலிப்சோ செயற்கைக்கோளும் 2006 முதல் 2023 வரை உழைத்து ஓய்ந்துவிட்டது. அதனால் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன்: தினமும் ஒரே நேரத்தில் வத்தல்மலை தெளிவாகத் தெரிகிறதா, மங்கலா, தெரியவே இல்லையா என்று தேதி போட்டு எழுதுங்கள். அன்றைய படத்தோடு சேர்த்துப் படிக்க அது உதவும்.

கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருப்பவர்கள் கல்குவாரி, கிரஷர் தூசியைப் பற்றிக் கேட்டீர்கள். நான் சொல்லப்போவது பிடிக்காது. இந்தச் செயற்கைக்கோள்கள் அதற்கு உதவா. அந்தத் தூசியில் பெரும்பங்கு பருமனானது, பக்கத்திலேயே படிந்துவிடும். ஒரு கிலோமீட்டர் கட்டத்தில் அது கரைந்துபோகும். 10 மீட்டர் கட்டம் வரை பிரித்துப் பார்க்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் குழி அகல்வது தெரியும், காற்றில் பறக்கும் தூசி பிடிபடாது. ‘படத்தில் ஒன்றும் இல்லையே’ என்று யாராவது சொன்னால் அதைப் பதிலாக ஏற்காதீர்கள். காற்று வரும் பக்கம் ஒன்று, போகும் பக்கம் ஒன்று என்று துகள் அளக்கும் கருவியை வையுங்கள். இரண்டின் வித்தியாசத்தைக் காட்டிப் பேசுங்கள்.