30 கிலோமீட்டர் உயரத்தில் வெயில் செய்யும் குளறுபடி

வணக்கம் மக்களே, இன்றைக்கு மேஜையில் ஒரு ஜாம் பாட்டில் இருக்கிறது, மூடியில் துத்தநாகத் தகடு, அதிலிருந்து உள்ளே தொங்கும் இரண்டு அலுமினியத் தாள் துண்டுகள். தகட்டை இப்போதுதான் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். பிவிசி குழாயைக் கம்பளியில் உரசித் தகட்டில் தொட்டால் எதிர்மின்னூட்டம் ஏறும், பாருங்கள், தாள்கள் விறைத்து விரிந்து நிற்கின்றன. அடுத்து 254 நானோமீட்டர் அலைநீளப் புறஊதா விளக்கு, இதை வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது, நான் கண்ணாடியும் கையுறையும் போட்டிருக்கிறேன்... போட்டாச்சு. தாள்கள் இறங்குகின்றன இல்லையா? தகட்டிலிருந்து எலக்ட்ரான் பிய்த்துக்கொண்டு போகிறது. 1888-லேயே ஹால்வாக்ஸ் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் பார்த்தது இது. சரி, இப்போது நேர்மின்னூட்டம் கொடுத்து அதே விளக்கைக் காட்டுகிறேன். அசையவே இல்லை! வெளியே வரும் எலக்ட்ரானைத் தகடே திரும்ப இழுத்துக்கொள்கிறது.

இதே கூத்துதான் மேலே 30 கிலோமீட்டரில் பறக்கும் ஆய்வு பலூனிலும், அங்கே விளக்குக்குப் பதில் வெயில். காற்று எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்க்க, பலூனில் தொங்கும் உலோக உருண்டைக்குச் சில வோல்ட் கொடுத்துவிட்டு, அது எவ்வளவு வேகமாக வடிகிறது என்று அளப்பார்கள். தரையில் வடியப் பல நிமிடம், 30 கிலோமீட்டரில் சில நொடிதான். 1980-களில் ஹைதராபாத்திலிருந்தும் பலூன் விட்டுக் கடத்துதிறனை அளந்திருக்கிறார்கள்.

உருண்டை எதிர்மின்னூட்டத்தில் இருந்தால் காற்றிலுள்ள நேர் அயனிகள், அதாவது நேர்மின்னூட்டம் உள்ள துகள்கள், வந்து அதைக் குறைக்க வேண்டும். பகலில் எலக்ட்ரானும் வெளியே ஓடுவதால் அது இன்னும் சீக்கிரம் வடிந்துவிடும், கருவிக்கு இரண்டும் ஒன்றுதான், நேர் அயனி ஏராளம் என்று கணக்கு எழுதிவிடும்.

இங்கே தரையில் வெயிலுக்கு அந்த வேலை ஏன் நடப்பதில்லை? ஓசோனும் ஆக்சிஜனும் அந்தப் புறஊதாவைத் தின்றுவிடுகின்றன. ஆனால் ஆக்சிஜன் விழுங்குவது குறைந்து ஓசோன் முழுமூச்சாய்த் தொடங்காத ஒரு சந்து இருக்கிறது, சுமார் 190 முதல் 230 நானோமீட்டர் வரை, அது வழியாகத்தான் கொஞ்சம் 30 கிலோமீட்டர் வரை இறங்கி வருகிறது. ஒரு ஃபோட்டானுக்கு, அதாவது ஒரு ஒளித்துகளுக்கு, சுமார் 6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல், உருண்டைமேல் பூசும் கிராஃபைட்டிலிருந்தும் எலக்ட்ரானைப் பிய்க்கப் போதும்.

இந்தக் குளறுபடியைக் கண்டுபிடிப்பது எப்படி என்றால், அந்த உயரத்தில் நேர், எதிர் அயனிகளின் கடத்துதிறன் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். பகலில் நேர்ப்பக்கம் மட்டும் எகிறி, இரவில் அடங்கினால் எனக்கு முதல் சந்தேகம் வெயில்மேல்தான்.

ஒரு நிமிடம், விளக்கை அணைக்கிறேன், ஓசோன் நெடி அடிக்கிறது.