அக்காவின் கைபேசி

அனைவருக்கும் வணக்கம்.

இணையத்தோடு வாழ்வது நல்லதா, கெட்டதா என்று பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். ஒரு பக்கம் நின்று பேச என்னால் ஆகாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். "சரி, மனசில் இருப்பதைப் பேசுங்கள்" என்றார்கள். அதைத்தான் பேசப் போகிறேன்.

நான் இணையத்துக்கு விரும்பி வந்தவன் அல்ல. வெகுநாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் வந்ததும் என் அக்காவுக்காகத்தான்.

அக்காவுக்கு நாற்பது வயதைத் தாண்டியதும் காது மந்தமாகத் தொடங்கியது. முதலில் மெதுவாகப் பேசினால் கேட்காது. அப்புறம் பின்னாலிருந்து கூப்பிட்டால் கேட்காது. ஐந்தாறு வருடத்தில் அநேகமாக எதுவுமே கேட்காது என்றாகிவிட்டது. காதில் கருவி வைத்துப் பார்த்தாள். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. நேரில் பேசினால் உதட்டைப் பார்த்து ஓரளவு புரிந்துகொள்வாள். தொலைபேசியில் உதடு ஏது?

வீட்டில் மணி அடித்தால் முதல் ஆளாக ஓடிப்போய் எடுப்பவள் அவள். அப்படிப்பட்டவள் ரிசீவரை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அரை மணி நேரம் பேசியிருப்பேன். வேலை, உடம்பு, பிள்ளைகளின் படிப்பு, ஒரு சின்ன மனக்கஷ்டம், எல்லாம் சொல்லியிருப்பேன். போனை வைத்ததும், "என்ன சொன்னான்?" என்று கேட்பாள். "நல்லா இருக்கானாம்" என்பார்கள். என் அரை மணி நேரம் அவளிடம் இரண்டு சொல்லாகப் போய்ச் சேரும். இப்படியே பல வருடம் ஓடியது.

தொலைபேசிக்கு 1876-இல் காப்புரிமை வாங்கிய அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் தாய்க்குக் காது சரியாகக் கேட்காது. அவர் மணந்துகொண்ட மேபலுக்கும் சிறுவயதிலேயே கேட்கும் திறன் போய்விட்டது. பெல்லே காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அவர் கையிலிருந்து வந்த கருவி, அவர் வீட்டுப் பெண்கள் இருவருக்கும் பயன்படாத கருவி. இதைப் படித்த அன்று எனக்கு அக்கா போன் பக்கத்தில் நின்ற கோலம்தான் ஞாபகம் வந்தது.

காது கேளாதவர்களுக்குத் தொலைபேசியின் கதவு திறக்க 88 வருடம் ஆனது. 1964-இல் ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற இயற்பியலாளர் ஒரு கருவி செய்தார். அவரும் காது கேளாதவர். தட்டச்சு செய்யும் எழுத்தை ஒலியாக்கித் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பி, மறுமுனையில் அதைத் திரும்ப எழுத்தாக்கியது அது. காது கேளாதவர்கள் இருவர் தொலைபேசியில் தாங்களே பேசிக்கொள்ள வழி பிறந்தது.

இணையத்தின் அடிப்படை விதிமுறைகளை ராபர்ட் கானுடன் சேர்ந்து வகுத்த வின்டன் செர்ஃப்புக்கும் காது குறைவு. அவர் மனைவியும் சிறுவயதிலேயே கேட்கும் திறனை இழந்தவர். அந்த விதிமுறைகளுக்கு அன்றைய கணினி வலையமைப்பு முழுவதும் மாறிய நாள் 1983 ஜனவரி 1. செவிப்புலன் குறைந்தவர்கள் இதன் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் அல்ல, அடித்தளம் போட்டவர்களில் இருக்கிறார்கள். இணையத்தைத் திட்டத் தோன்றும் ஒவ்வொரு முறையும் நான் இதை நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டுக் கதவு திறந்தது அக்கா மகளால். அவள் அம்மாவுக்கு ஒரு கைபேசி வாங்கிக் கொடுத்தாள். எனக்கும் ஒன்றைக் கொடுத்து, "மாமா, அம்மாவுக்காக" என்றாள். மறுக்க முடியவில்லை. மறுநாள் காலையில் அது ஒருமுறை அதிர்ந்தது. "தம்பி, முதுகுவலி தேவலையா?" என்று கேட்டிருந்தாள். ஒரே வரி. யார் முகத்தையும் பார்த்து நிற்காமல், யார் வாயையும் எதிர்பார்க்காமல், அவளே என்னைக் கேட்ட கேள்வி. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி நான் பதில் போட்டேன். அவள் உடனே அடுத்த கேள்வி கேட்டாள். அன்று ராத்திரி வரை பேசினோம். இத்தனை வருடமாக அவளுக்குள்ளே இவ்வளவு பேச்சு கிடந்திருக்கிறதே என்று எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இந்த ஒன்றுக்காகவே நான் இணையத்தை வாழ்நாள் முழுக்க வாழ்த்தலாம். வாழ்த்தவும் செய்கிறேன். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை.

ஒருநாள் அவளுக்கு ஒரு செய்தி வந்தது. ஏதோ ஓர் எண்ணெயைக் காய்ச்சி, வெதுவெதுப்பாகக் காதில் விட்டால் நாற்பது நாளில் கேட்கும் என்று. அனுப்பியவர் கெட்டவர் அல்ல, அவள்மேல் உயிராக இருக்கும் ஒரு தோழி. அதனால்தான் அக்கா நம்பினாள். காது சீழ் பிடித்து, வலியில் இரண்டு வாரம் தூங்காமல் கிடந்தாள். ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி 2019-இல் பெரிய செயலி ஒன்று உலகம் முழுவதும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நல்ல காரியம்தான். ஆனால் எண்ணெய் விட ஐந்து பேர் வேண்டியதில்லை, அன்பான ஒருத்தர் போதும்.

அப்புறம் அந்த நீலக் குறி. நாம் செய்தியைப் படித்துவிட்டோம் என்று அனுப்பியவருக்குக் காட்டிக்கொடுக்கும் இரட்டைக் குறி. கடிதக் காலத்தில் பதில் தாமதமானால் தபாலின்மேல் பழியைப் போட்டு மனசைத் தேற்றிக்கொள்வோம். இப்போது தேற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. படித்திருக்கிறான், பதில் போடவில்லை, அவ்வளவுதான். வேலை நெருக்கடியில் ஒருநாள் அக்காவுக்கு நான் பதில் போடவில்லை. அன்று முழுக்க அவள் அந்தக் குறியைத் திறந்து திறந்து பார்த்தாளாம். எட்டாத தூரத்தில் இருப்பதும் மனிதனுக்கு ஓர் ஓய்வு. அந்த ஓய்வை நாம் யாரையும் கேட்காமலே இழந்திருக்கிறோம்.

ஆனால் என்னை மிகவும் வருத்துவது இதுவும் அல்ல. முடிவே இல்லாத பக்கம். முன்பெல்லாம் இணையப் பக்கத்தின் அடியில் 'அடுத்த பக்கம்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துமுன் கை ஒரு நொடி நிற்கும். போதும் என்று எழுந்துகொள்ள அந்த ஒரு நொடிதான் இடம். 2006-இல் ஒரு வடிவமைப்பாளர், தள்ளத் தள்ளத் தானாக வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை உருவாக்கினார். படிப்பவருக்கு ஒரு சிரமம் குறையட்டும் என்று செய்ததுதான். பின்னாளில் அவரே அதற்காக வருந்தி வெளிப்படையாகப் பேசினார். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கடிதத்துக்கு 'இப்படிக்கு' உண்டு. இதற்கு அப்படி ஒன்று இல்லை.

போன மாதம் நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நெடுநாள் கழித்து நேரில் பார்க்கிறோம். எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவள் கட்டைவிரல் மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. யாரோ ஆடுகிறார்கள், யாரோ அழுகிறார்கள், யாரோ வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள். பத்து நிமிடம், இருபது நிமிடம். முன்பு ஊமையாய் நின்ற கருவிக்குப் பக்கத்தில் அவள் எனக்காக ஏங்கி நின்றாள். இப்போது அவள் எதிரில் நான் ஏங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

"அக்கா, அதைக் கீழே வை" என்றேன். கேட்கவில்லை. குனிந்திருந்ததால் உதட்டையும் பார்க்கவில்லை. தோளைத் தொட்டிருக்கலாம். கோபமாக இருந்ததால் தொடவில்லை. என் கைபேசியை எடுத்து, "கைபேசியைக் கீழே வை" என்று எழுதி அனுப்பினேன். அவள் திரையில் அது வந்தது. படித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"கீழே வைத்துவிட்டு உன்கிட்ட எதை வைத்துடா பேசுவேன்?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு மனிதர்களோடு பேசுங்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவளிடம் அதைச் சொன்னால் காதைக் கழற்றி வை என்று சொன்னதாகிவிடும். அவளை என்னிடம் கொண்டுவந்து சேர்த்ததும் அதுதான், எதிரே இருந்தவளை எடுத்துக்கொண்டு போனதும் அதுதான். இரண்டையும் அறுத்துப் பிரிக்கக் கத்தி இல்லை.

அன்று சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து ஒரு வேலை செய்தோம். முடிவில்லாமல் ஓடும் செயலிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டோம். இரண்டை அவள் விட மறுத்தாள். அது அவள் இஷ்டம், நான் வற்புறுத்தவில்லை. மற்றவற்றின் அறிவிப்பு ஒலிகளையும் அதிர்வுகளையும் அணைத்தோம். பேசுவதைக் கேட்டு எழுத்தாக்கும் செயலி ஒன்றை முதல் திரையில் வைத்தோம். கைபேசியை எங்கள் இருவருக்கும் நடுவே மேசைமேல் வைத்து நான் பேசினேன். எழுத்து ஓடியது. சில சொல் தப்பாக விழுந்தது. ஒரு வரியைப் படிப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி படிப்பாள். அரை மணி நேரம் பேசினேன். அரை மணி நேரமும் அவளிடம் அப்படியே போய்ச் சேர்ந்தது.

நான் பேசத் தொடங்கியதிலிருந்து முன்வரிசையில் ஓர் அம்மாள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பக்கத்தில் இருக்கும் ஒன்றிரண்டு பேர் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததையும் கவனித்தேன். தவறாக நினைக்க வேண்டாம். அவர்தான் என் அக்கா. நான் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அந்தத் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதோ, இப்போது நிமிர்ந்து பார்க்கிறாள். நன்றி, வணக்கம்.