பீரோவில் தூங்கும் இரண்டாவது சாவி

வேலூர் வட்டார நேயர்களுக்கு வணக்கம். கார் எலெக்ட்ரிக்கல் வேலை செய்கிறவன் என்பதால் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாவியைச் செருகாமலே திறக்கிற கார், வீட்டுக்குள் இருந்தபடியே ஸ்டார்ட் செய்கிற கார் எல்லாம் இப்போது சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் சாதாரணமாகிவிட்டன. "அண்ணா, ரிமோட் போச்சு, புதுசு போடணுமா?" என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது, இரண்டாவது சாவியை எடுத்துப் பார்த்தீர்களா என்றுதான்.

வண்டி வாங்கிய அன்று பீரோவில் வைத்ததோடு சரி, பலருக்கு அதன் நினைப்பே இருக்காது. அந்தச் சாவியில் கதவு திறந்தால் கோளாறு முதல் சாவியில். இரண்டிலுமே திறக்கவில்லை என்றால் வண்டியைச் சந்தேகப்படலாம். ஆனால் பீரோவில் சும்மா கிடந்தாலும் சாவிக்குள் இருக்கும் செல் மெதுவாகத் தீர்ந்துகொண்டுதான் இருக்கும். அதனால் புது செல் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இதைச் செய்யாமல் நேராகச் சாவியை வண்டியோடு பதிவு செய்கிற 'புரோகிராமிங்' என்று கிளம்பினால் ஆயிரக்கணக்கில் செலவு.

கைப்பிடியைத் தொட்டதும் வண்டி சுமார் 125 கிலோஹெர்ட்ஸ் அலையில் சாவியைத் தேடுகிறது. பக்கத்தில் சாவி இருந்தால் 433 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்கிறது. அந்தப் பதிலுக்குத்தான் செல் வேண்டும். நிறைய வண்டிகளில் அது சி.ஆர். 2032, 3 வோல்ட். இரண்டு மூன்று வருடம் வரும். முன்பு தூரத்திலிருந்து திறந்த வண்டி கிட்டே போனால்தான் திறக்கிறது என்றால் செல் முடிகிறது என்று அர்த்தம். கடையில் 2032 இல்லை என்று 2025-ஐக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். அகலம் ஒன்றுதான், ஆனால் தடிமனில் 2025 என்பது 2.5 மில்லிமீட்டர், 2032 என்பது 3.2. உள்ளே ஆடும், ஒரு நாள் திறக்கும், ஒரு நாள் திறக்காது.

ராத்திரி ஸ்ரீபுரம் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறீர்கள், செல் சுத்தமாகச் செத்துவிட்டது. பயப்பட வேண்டாம். ரிமோட்டின் ஓரத்தில் சின்னத் தாழ்ப்பாள் இருக்கும், இழுத்தால் இரும்புச் சாவி வெளியே வரும். ஓட்டுநர் கதவுக் கைப்பிடியில் சாவித் துளை இருக்கும், சில வண்டிகளில் மூடிக்குள் ஒளிந்திருக்கும். திறந்ததும் அலாரம் கத்தினால் கத்தட்டும். உள்ளே உட்கார்ந்து பிரேக்கை (கியர் வண்டியில் கிளட்சையும்) மிதித்து, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டி வைத்து அழுத்துங்கள். ரிமோட்டுக்குள் இருக்கும் சிப்புக்கு வண்டியே மின்சாரம் கொடுத்துப் படித்துக்கொள்ளும். சில மாடல்களில் சாவியை வைக்க வேறு இடம் இருக்கும், கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாவி நன்றாக இருந்தும் வண்டி மௌனமாக இருந்தால், பெரிய பேட்டரியைப் பாருங்கள். நம்ம ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி தாண்டும். பேட்டரிக்கு அந்தச் சூடுதான் எமன். ஓடாமல் நிற்கும்போது நல்ல பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டும், 12-க்குக் கீழே போனால் தகராறு. டாஷ்போர்டு மீட்டர் மினுமினுக்கும், 'டிக் டிக்' என்று சத்தம் வரும், ஆனால் பழி சாவி மேல் விழும். பேட்டரியில் ஒயர் மாட்டும் முனையான டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம் பிரேக் விளக்கு. பிரேக்கை மிதித்தால் பின்னால் விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் மிதியடி சுவிட்சோ ஃபியூஸோ போயிருக்கலாம், மிதித்தது வண்டிக்கே தெரியாது, அதனால் ஸ்டார்ட் ஆகாது. கியர் வண்டியில் கிளட்ச் மிதியின் கீழே தரைவிரிப்பு சுருண்டு முழுசாக மிதிபடாமல் தடுப்பதும் உண்டு.

தூரத்திலிருந்து ஸ்டார்ட் செய்வதில் வரும் புகார்களில் பாதி கோளாறே இல்லை என்பேன். பானெட் சரியாக மூடாதது, ஏதாவது ஒரு கதவு திறந்திருப்பது, கியர் நியூட்ரலில் (ஆட்டோமேட்டிக் வண்டியில் பார்க்கில்) இல்லாதது, எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிவது என்று ஒன்று இருந்தாலும் பல வண்டிகள் ஸ்டார்ட் ஆக மறுக்கும். போன் ஆப் வழியாக என்றால் வண்டிக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. தரைத்தளத்துக்குக் கீழே நிறுத்தினால் சிக்னல் எட்டாது, சந்தா முடிந்திருந்தாலும் வேலை செய்யாது. மூடிய ஷெட்டுக்குள் நிற்கிற வண்டியை மட்டும் இப்படி ஸ்டார்ட் செய்யவே கூடாது, புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு உயிரை எடுக்கும்.

கழற்றிய பழைய செல்லை மேஜையில் போட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே செல் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள். வணக்கம்.